கணினி கேட்டுக் கடிதம் எழுதும் பாடசாலைகள்: திட்ட முன்மொழிவு எங்கே பிசகுகிறது?

"எமது பாடசாலைக்கு 20 கணினிகளும் ஒரு மல்டிமீடியா புரொஜெக்டரும் தந்துதவுமாறு மிகத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்."

இந்த வாக்கியத்தை நடுவில் வைத்து, மேலே பாடசாலையின் வரலாறு ஒரு பந்தியும் கீழே நன்றி ஒரு பந்தியுமாக எழுதப்பட்ட கடிதங்கள் எமது பாடசாலைகளின் கோவைகளில் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. பாராளுமன்ற உறுப்பினருக்கு ஒன்று, ஏதாவது ஒரு தூதரகத்துக்கு ஒன்று, கொழும்பில் வியாபாரம் செய்யும் ஊரவர் ஒருவருக்கு ஒன்று. முகவரி மட்டும் மாறும், கடிதம் மாறாது. பெரும்பாலானவற்றுக்குப் பதிலே வருவதில்லை. வராதபோது, "எங்கட சமூகத்துக்கு எவன் தரப்போறான்?" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம்.

பாரபட்சம் எங்குமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்களில் கணிசமானவை வாசித்த முதல் ஐந்து நிமிடத்திலேயே ஒதுக்கப்பட்டிருக்கும் என்பதை, அவற்றைக் கையில் எடுத்துப் பார்க்கும் எந்த ஆசிரியரும் ஒப்புக்கொள்வார். கடந்த சில வருடங்களில் நான் கற்பித்த பாடசாலைகளுக்கும் அயற் பாடசாலைகள் சிலவற்றுக்கும் தொழில்நுட்ப உதவி கேட்டு எழுதப்பட்ட முன்மொழிவுகளில் உட்கார்ந்து வேலை செய்திருக்கிறேன். சில கிடைத்தன, சில கிடைக்கவில்லை. எது ஏன் கிடைத்தது என்பதில் நான் விளங்கிக்கொண்டவற்றைத்தான் இங்கு எழுதுகிறேன்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. 2013 இல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு ஆரம்பிக்கப்பட்டபோது தெரிவு செய்யப்பட்ட பாடசாலைகளுக்கு ஆய்வுகூடங்களும் உபகரணங்களும் வந்தன. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது கையில் கருவி இருந்த பிள்ளைக்கும் இல்லாத பிள்ளைக்கும் இடையில் இருந்த இடைவெளியை நாமெல்லாம் கண்ணால் கண்டோம். பிறகு 2022 வந்தது. அந்த வருட மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர், மே மாதமாகும்போது 360 ரூபாவை எட்டியது. கணினி என்பது முழுக்க முழுக்க இறக்குமதிப் பொருள். அன்றிலிருந்து, பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் சந்தாவில் இரண்டு மூன்று கணினிகளை வாங்கிப் போடலாம் என்ற கணக்கு பல இடங்களில் சரிவருவதில்லை.

இதனால் என்ன நடக்கிறது? பலமான பழைய மாணவர் சங்கமுள்ள நகரப் பாடசாலைகள் வளைகுடாவிலும் லண்டனிலும் இருக்கும் தமது மாணவர்களிடம் கேட்டு வாங்கிக்கொள்கின்றன. ஊர்க்கோடியில் இருக்கும் வகை 2 பாடசாலைக்கு அப்படியான பழைய மாணவர்கள் கிடையாது. அதன் பழைய மாணவர்கள் கடலுக்குப் போகிறார்கள், வயலுக்குப் போகிறார்கள், கட்டார் போனவரும் கடனை அடைத்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பாடசாலைக்குத் திறந்திருக்கும் ஒரே கதவு எழுத்து மூலமான முன்மொழிவுதான். அந்தக் கதவையும் எழுதத் தெரியாததால் மூடிக்கொள்கிறோம்.

யாரிடம் கேட்கிறோம் என்பதிலிருந்து தொடங்கலாம். கொடுப்பவர் எல்லோரும் ஒரே மாதிரியானவர்கள் அல்லர். ஜப்பானியத் தூதரகத்தின் ஊடாக வழங்கப்படும் அடிமட்ட மனிதப் பாதுகாப்புத் திட்டங்களுக்கான மானியத்துக்கு ஓர் உச்ச எல்லை உண்டு. பொருள், கட்டடம் போன்றவற்றுக்கு அதில் இடமுண்டு. சம்பளம், மின்கட்டணம், இணையக் கட்டணம் போன்று மாதாமாதம் வரும் செலவுகளுக்கு அதில் இடமில்லை. அவற்றையும் சேர்த்து எழுதினால் வழிகாட்டலை வாசிக்காமலேயே எழுதியிருக்கிறோம் என்பது அங்குள்ளவருக்கு உடனே தெரிந்துவிடும். ரோட்டரியின் உலகளாவிய மானியத்தில் ஒரு திட்டத்தின் ஆகக் குறைந்த பெறுமதியே 30,000 அமெரிக்க டொலர். அதற்கு இங்குள்ள ஒரு கழகமும் வெளிநாட்டுக் கழகமொன்றும் இணைய வேண்டும். ஐந்து மடிக்கணினி தேவைப்படும் பாடசாலை அந்த வாசலில் போய் நிற்பதில் பயனில்லை. அதே ரோட்டரிக் கழகத்தின் உள்ளூர் உறுப்பினர்களிடம் சிறிய உதவியாகக் கேட்டால் கிடைக்க வாய்ப்புண்டு. அவுஸ்திரேலிய உயர்ஸ்தானிகராலயமும் நேரடி உதவித் திட்டமொன்றை நடத்துகிறது. வங்கிகளும் தொலைபேசிக் கம்பனிகளும் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து கொடுக்கின்றன. அவர்களுக்குத் தமது பெயர் வெளியே தெரிய வேண்டும், அதை மறைக்கவும் மாட்டார்கள்.

எமது தனவந்தர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸதகா ஜாரியாவாக ஒரு கட்டடம் கட்டித் தருவதற்கு முன்வருபவர், அந்தக் கட்டடத்துக்குள் மூன்று வருடத்துக்கு இணைய இணைப்புக் கட்டணம் கட்டுவதற்கு முன்வருவதில்லை. கட்டடத்தில் பெயர் பொறிக்கலாம், மாதாந்தப் பட்டியலில் பொறிக்க முடியாது. இது விமர்சனமாகவே சொல்லப்படுகிறது. ஸகாத் நிதியை இதற்குப் பயன்படுத்தலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அது ஆலிம்களிடம் கேட்க வேண்டிய கேள்வி. கேட்காமல் தாமாகவே முடிவெடுத்து நிர்வாகிகளைச் சங்கடத்துக்குள்ளாக்க வேண்டாம்.

இன்னொரு விடயம். அரசாங்கப் பாடசாலை அதிபர் தான் நினைத்தபடி வெளிநாட்டு நிறுவனமொன்றுடன் ஒப்பந்தம் செய்துகொள்ள முடியாது. மாகாணப் பாடசாலையானால் வலயக் கல்விப் பணிப்பாளர் ஊடாக மாகாணக் கல்வித் திணைக்களம், தேசிய பாடசாலையானால் கல்வி அமைச்சு. முன்மொழிவை எழுதி முடித்து, இறுதித் திகதிக்கு இரண்டு நாள் இருக்கும்போது வலயத்துக்கு ஓடினால் கையெழுத்துக் கிடைக்காது. பணிப்பாளர் கூட்டத்தில் இருப்பார். முதல் வரியை எழுதுவதற்கு முன்பே வலயத்துக்குத் தெரிவித்து, திட்டம் பாடசாலையின் ஐந்தாண்டு அபிவிருத்தித் திட்டத்திலும் வருடாந்த அமுலாக்கல் திட்டத்திலும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கு இல்லாத ஒன்றைக் கொடையாளரிடம் அவசரத் தேவை என்று சொன்னால், "அவசரமென்றால் உங்கள் திட்டத்தில் ஏன் இல்லை?" என்ற கேள்வி வரும். வந்திருக்கிறது.

இனி முன்மொழிவின் உள்ளே போவோம். பெரும்பாலான முன்மொழிவுகள் தோற்றுப்போகும் இடம் தேவையை விளக்கும் முதலாவது பந்தி. "எமது பாடசாலையில் போதிய கணினிகள் இல்லை. ஆகவே கணினிகள் தேவை." இது வட்டமாகச் சுற்றும் வாதம். நாட்டிலுள்ள ஆயிரக்கணக்கான பாடசாலைகள் இதையே சொல்லலாம். கொடுப்பவர் எமது பாடசாலையை ஏன் தெரிவு செய்ய வேண்டும் என்பதற்கு இதில் எதுவுமில்லை.

உதாரணத்துக்கு ஒரு பாடசாலையை வைத்துக்கொள்வோம். தரம் 10 இலும் 11 இலும் சேர்த்து 86 பிள்ளைகள் மூன்றாம் தொகுதிப் பாடமாகத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பத்தைத் தெரிவு செய்திருக்கிறார்கள். வகுப்புக்கு 43 பேர். இயங்கும் கணினிகள் 7. ஆகவே ஒரு கணினிக்கு ஆறு பேர். 40 நிமிடப் பாடவேளையில் ஒரு பிள்ளையின் கை விசைப்பலகையில் படுவது ஏழு நிமிடத்துக்கும் குறைவு. அதிலும் வேகமான பிள்ளை முந்திக்கொள்ளும், கூச்சப்படும் பிள்ளை பின்னால் நின்று பார்க்கும். விரிதாளும் தரவுத்தளமும் அந்தப் பிள்ளைக்குப் புத்தகத்தில் படம் பார்த்துப் படிக்கும் பாடமாகிவிடும். கடந்த மூன்று வருடச் சாதாரண தரப் பெறுபேற்றை எடுத்து, இந்தப் பாடத்தில் எத்தனை பேர் சி சித்தியைத் தாண்டவில்லை என்று ஒரு சிறு அட்டவணையில் காட்டுங்கள்.

இதில் ஒரு பெரிய வார்த்தையும் இல்லை. "டிஜிட்டல் யுகத்தின் சவால்களுக்கு முகங்கொடுக்கும் எதிர்காலச் சந்ததி" இல்லை. ஆனால் வாசிப்பவருக்குப் பிரச்சினை கண்முன்னே தெரியும். அந்த எண்களை எடுக்க வேறெங்கும் போகத் தேவையில்லை. வரவுப் பதிவேடு, புள்ளிப் பதிவேடு, வருடாந்தம் நிரப்பி அனுப்பும் பாடசாலைத் தொகைமதிப்புப் படிவம் எல்லாமே அலுமாரியில்தான் இருக்கின்றன.

எண்ணைக் கூட்டிச் சொல்லும் பழக்கம் பற்றியும் சொல்லியாக வேண்டும். 86 ஐ 150 ஆக்கினால் கூடுதலாகக் கிடைக்கும் என்று ஆலோசனை சொல்பவர்கள் எமது சங்கங்களில் இருக்கிறார்கள். கொடையாளர் பாடசாலைக்கு நேரில் வந்து பார்ப்பார், வலயத்திடமும் கேட்பார். அவர் கேட்காவிட்டாலும் அது பொய்தான். பிள்ளைகளின் பெயரால் கேட்கும் பணம் அமானிதம் என்று வெள்ளிக்கிழமை கேட்டுவிட்டு திங்கட்கிழமை இப்படி எழுத முடியாது.

கலாசாலையில் எமக்குப் பாடத்திட்டம் எழுதப் பழக்கினார்கள். பாட முடிவில் மாணவர் எதைச் செய்யக்கூடியவராக இருப்பார், அதற்கு என்ன செயற்பாடு, என்ன துணைச்சாதனம், அவர் அதை அடைந்துவிட்டார் என்று எப்படி அறிவாய் என்ற ஒழுங்கில் எழுத வேண்டும். துணைச்சாதனத்தை முதலில் தீர்மானித்துவிட்டுப் பாடத்தைத் தேடினால் விரிவுரையாளர் கொப்பியைத் திருப்பித் தந்துவிடுவார். திட்ட முன்மொழிவும் அச்சொட்டாக இதே ஒழுங்குதான். கணினி என்பது துணைச்சாதனம். எம்மவர்கள் அதையே நோக்கமாக எழுதுகிறார்கள். "20 கணினிகளைப் பெற்றுக்கொள்ளல்" என்பது நோக்கமாகாது. "இரண்டு வருடத்துக்குள் தரம் 10, 11 இல் இப்பாடத்தைப் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் வாரத்துக்குக் குறைந்தது 60 நிமிடம் தனியாகக் கணினியில் செய்முறை செய்வர்" என்பது நோக்கம். பிறகு பார்த்தால் 20 கூடத் தேவைப்படாமல் போகலாம். ஏற்கனவே இருக்கும் 7 உடன் இன்னும் 15 ஐச் சேர்த்து, 43 பேரை இரு பிரிவாகப் பிரித்து நேரசூசியை மாற்றினாலே போதும் என்று கணக்கு வரலாம். கேட்கும் எண்ணிக்கை குறைந்தால் கிடைக்கும் வாய்ப்புக் கூடும். பாடத்திட்டம் எழுதத் தெரிந்த எந்த ஆசிரியருக்கும் இந்த வேலை புதிதல்ல. "புரொபோசல்" என்ற ஆங்கிலச் சொல்தான் எம்மைப் பயமுறுத்துகிறது.

அடுத்தது மின்சாரம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத விரும்புகிறேன், ஏனெனில் எமது முன்மொழிவுகளில் அநேகமாக ஒரு வரியும் இல்லாத பகுதி இதுதான். திரையோடு சேர்த்து ஒரு மேசைக்கணினி 150 வாட் என்று வைத்தால் 20 கணினிக்கு 3,000 வாட். கணினி அறை என்றாலே குளிரூட்டி வேண்டும் என்று கேட்கிறோம். 18,000 பீ.டீ.யு. அளவுள்ள சாதாரண குளிரூட்டிகள் இரண்டு ஓடினால் ஏறத்தாழ 3,400 வாட். விளக்கு, மின்விசிறி, புரொஜெக்டருக்கு 600 வாட். மொத்தம் 7,000. 30 அம்பியர் சிங்கிள் ஃபேஸ் இணைப்பொன்றினால் 230 வோல்ட்டில் இழுக்கக்கூடியது 6,900 வாட். அதாவது அலுவலகம், ஆய்வுகூடம், தண்ணீர் மோட்டர் எதையும் கணக்கில் சேர்க்காமலேயே இணைப்பின் கொள்ளளவு தாண்டிவிட்டது. திறப்பு விழாவன்று எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டவுடன் பிரேக்கர் விழும் பாடசாலைகளின் இரகசியம் இதுதான்.

ஆகவே முன்மொழிவில் ஒன்றில் திரீ ஃபேஸ் இணைப்புக்கான செலவும் மின்சார சபையின் மதிப்பீடும் இருக்க வேண்டும், அல்லது திட்டத்தை மாற்ற வேண்டும். மடிக்கணினி ஒன்று மின்னேற்றும்போது 60 வாட் அளவில்தான் எடுக்கும். 20 மடிக்கணினிக்கு 1,200 வாட். மின்கலம் இருப்பதால் தனித்தனி யு.பி.எஸ். தேவையில்லை, 2022 இல் பட்டது போன்ற நீண்ட மின்வெட்டிலும் ஒரு பாடவேளை ஓடிவிடும். ஆனால் திருட்டுப்போவதும் இலகு, திரை உடைந்தால் திருத்துவதும் செலவு. எதைத் தெரிவு செய்தாலும் ஏன் தெரிவு செய்தோம் என்று மூன்று வரி எழுதினால், இவர்கள் யோசித்திருக்கிறார்கள் என்ற எண்ணம் வாசிப்பவர் மனதில் விழும். நில இணைப்புச் சரியாக இருக்கிறதா, மின்னற் பாதுகாப்பு இருக்கிறதா என்பதும் முக்கியம். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பிற்பகல் இடியில் ரவுட்டரும் கணினியும் ஒன்றாகப் போன பாடசாலைகள் எத்தனை! கிழக்குக் கரையோரமானால் உப்புக்காற்று வேறு. கடற்கரையிலிருந்து நூறு இருநூறு மீற்றரில் இருக்கும் பாடசாலைகளில் ஜன்னல் திறந்த அறையில் வைத்த இயந்திரம் நீண்ட காலம் தாக்குப்பிடிப்பதில்லை.

பாவித்த கணினிகளை அன்பளிப்பாகத் தருவதாகச் சொல்லும் நிறுவனங்களும் வெளிநாட்டு நண்பர்களும் அதிகம். வாங்குவதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள். மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 க்கான வழமையான இலவச ஆதரவை 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்திவிட்டது. அதனால்தான் இப்போது அலுவலகங்கள் பழைய இயந்திரங்களைத் தள்ளிவிடுகின்றன. 2017 க்கு முன்னர் வந்த இன்டெல் செயலிகள் உள்ள கணினிகளில் பெரும்பாலானவை விண்டோஸ் 11 இன் ஆதரவுப் பட்டியலில் இல்லை. லினக்ஸ் போட்டுப் பயன்படுத்தலாம், அது நல்ல வழியும்கூட. ஆனால் அதைப் பராமரிக்கத் தெரிந்த ஒருவர் பாடசாலையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எமது அறை மற்றவர்களுடைய குப்பை ஒதுக்கும் இடமாகிவிடும். இலவசம் என்பதற்காக எதையும் வாங்கிப் பொருட்பதிவேட்டில் ஏற்றினால் பிறகு அதைக் கழிப்பது எவ்வளவு பாடு என்பது பொருட்கணக்கெடுப்புக் குழுவில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

ஆனால் கருவியைவிடப் பெரிய கேள்வி அதைப் பயன்படுத்துபவர் யார் என்பது. நான் அறிந்த ஒரு பாடசாலையில் நல்ல கணினி அறை ஒன்று இருந்தது. பொறுப்பான ஆசிரியை இடமாற்றம் பெற்றுப் போனார். சாவி அதிபரின் லாச்சிக்குள் போனது. அடுத்த ஆசிரியர் வரும்வரை அந்த அறையின் கதவு திறக்கப்படவில்லை. பொருள் பழுதாகிவிட்டால் யார் பொறுப்பு என்ற பயம்தான் காரணம். யாரையும் குறைசொல்ல முடியாது, கணக்காய்வு வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அதிபர். தமிழ்மொழி மூலத்தில் இப்பாடத்துக்குப் பயிற்றப்பட்ட ஆசிரியர் இல்லாத சிறிய பாடசாலைகளில் இந்த நிலைமை இன்னும் மோசம். ஆகவே முன்மொழிவில் ஒரு ஆசிரியரின் பெயரை மட்டும் எழுதாமல் மூவரை எழுதுங்கள். கணித ஆசிரியர் ஒருவர், விஞ்ஞான ஆசிரியை ஒருவர், ஆரம்பப் பிரிவில் ஒருவர் என்று அவர்களும் பயிற்சி பெறுவார்கள், பாடசாலை நேரத்தின் பின் யார் எந்த நாளில் அறையைத் திறப்பார், கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் உள்ள தமிழ்மொழிப் பாடங்களை எந்த வகுப்புக்கு எப்போது பயன்படுத்துவார் என்று எழுதுங்கள். கலவன் பாடசாலையானால் பெண்பிள்ளைகளுக்கு அறை கிடைக்கும் நேரத்தைத் தனியாகக் குறிப்பிடுங்கள். பிற்பகல் நேரம் முழுவதையும் ஆண்பிள்ளைகள் பிடித்துக்கொள்வதையும், மாலை வகுப்புக்குப் பெண்பிள்ளையை அனுப்பப் பெற்றோர் தயங்குவதையும் நாம் அறிவோம். அறிந்தும் திட்டத்தில் எழுதாமல் விட்டால் அந்தப் பிள்ளைகளுக்கு அறை இருந்தும் இல்லாத மாதிரித்தான்.

ஸ்மார்ட் போர்ட் கேட்கும் மோகம் தனிக்கதை. அயற் பாடசாலையில் இருக்கிறது என்பதைத் தவிர வேறு காரணம் சொல்லாத முன்மொழிவுகளைப் பார்த்திருக்கிறேன்.

வரவு செலவுத் திட்டத்துக்கு வருவோம். ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று விலைமனுக்கள் தேவை. ஜப்பானிய மானியத்துக்கும் அப்படியே, மற்றப் பலருக்கும் அப்படியே. மூன்றும் ஒரே கணினியின் தரவிபரத்துக்கு எடுக்கப்பட்டிருக்க வேண்டும். ஒரே கடைக்காரர் மூன்று கடிதத்தலைப்பில் அடித்துக் கொடுத்தால் அது எழுத்துருவிலேயே தெரிந்துவிடும். விலைமனு பொதுவாக 14 அல்லது 30 நாளைக்குத்தான் செல்லுபடியாகும், முன்மொழிவுக்குப் பதில் வர ஆறு மாதம் ஆகலாம். 2022 ஐக் கண்ட பிறகும் விலை ஏற்றத்துக்கு ஒரு சிறு ஒதுக்கீடு வைக்காமல் எழுதுவது சரியல்ல. கொடையாளரின் விதி அந்த ஒதுக்கீட்டை அனுமதிக்காவிட்டால், விலை கூடினால் எந்தப் பொருளின் எண்ணிக்கையைக் குறைப்போம் என்று ஒரு குறிப்பாவது எழுதலாம்.

பாடசாலையின் சொந்தப் பங்களிப்பு என்று ஒரு வரி படிவத்தில் இருக்கும். அதில் "இல்லை" என்று எழுதிவிடுகிறோம். உண்மையில் நாம் எவ்வளவோ கொடுக்கிறோம், எழுதத்தான் தெரிவதில்லை. அறைக்கு வெள்ளை பூசும் பெற்றோர், மேசை செய்து தரும் ஊர்த் தச்சர், கூலி வாங்காமல் வயரிங் செய்யும் பழைய மாணவர், ஜன்னல் கம்பிக்குப் பணம் தரும் பள்ளிவாசல் நிர்வாகம் எல்லோருடைய உழைப்புக்கும் ஒரு பெறுமதி உண்டு. ஒரு மேசனின் நாட்கூலி எவ்வளவு, எத்தனை நாள் என்று போட்டுக் கணக்கெடுத்தால் அது கணிசமான தொகை. இந்த ஊர் இந்தத் திட்டத்தைத் தன்னுடையதாக நினைக்கிறது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

திட்டம் முடிந்த பிறகான செலவை யார் கட்டுவது என்பதற்கும் பதில் வேண்டும். மின்பட்டியல், இணையம், ரோனர், மூன்று வருடமளவில் மாற்ற வேண்டிய யு.பி.எஸ். மின்கலங்கள், விளக்கு வகைப் புரொஜெக்டரானால் சில ஆயிரம் மணித்தியாலத்தில் முடிந்துபோகும் விளக்கு. வருடத்துக்கு இவ்வளவு, அதில் அபிவிருத்திச் சங்கம் இவ்வளவு, பழைய மாணவர் சங்கம் இவ்வளவு என்று கூட்டத் தீர்மானத்தின் பிரதியோடு காட்டுங்கள். தீர்மானத்தை எழுதிய பிறகு கூட்டம் போடாமல், கூட்டம் போட்டபிறகு எழுதுங்கள்.

கால அட்டவணையில் எமது பாடசாலைகளுக்கே உரிய ஒரு விடயம் உண்டு. முஸ்லிம் பாடசாலைகளின் தவணை நோன்பு விடுமுறையை அனுசரித்து வருவது கொழும்பிலிருக்கும் கொடையாளருக்குத் தெரியாது. "ஜனவரியில் பொருள் கொள்வனவு, பெப்ரவரி, மார்ச்சில் ஆசிரியர் பயிற்சி" என்று இணையத்தில் கிடைத்த மாதிரியைப் பார்த்து எழுதினால் பயிற்சி றமழானுக்குள் போய் விழும். நோன்பு வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே வருவதால் இரண்டு வருடத் திட்டமானால் இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும். கிழக்கில் நவம்பரிலிருந்து ஜனவரி வரை மழை, வெள்ளம். பாடசாலை பரீட்சை நிலையமானால் அந்த வாரங்களும் இல்லை. இதையெல்லாம் கழித்துவிட்டு எஞ்சிய நாட்களை எழுதினால் அட்டவணை நீளும். நீண்டாலும் பரவாயில்லை. நடக்கக்கூடிய எட்டு மாதத்தைக் காட்டுவது, நடக்காத நான்கு மாதத்தைக் காட்டிவிட்டு இரண்டு தடவை கால நீடிப்புக் கேட்பதைவிட மேல்.

மொழி பற்றி. தூதரகங்கள் ஆங்கிலத்தில் கேட்கின்றன. அதனால் காசு கொடுத்து எழுதுவிக்கும் வழக்கம் வந்திருக்கிறது. ஒரே ஆள் ஐந்து பாடசாலைக்கு எழுதி, ஒன்றில் மற்றப் பாடசாலையின் பெயர் அப்படியே இருந்த கதையும் உண்டு. இப்போது சாட்ஜிபிடி வந்துவிட்டது. மொழியைத் திருத்த, சுருக்க அது நல்ல உதவி, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் எமது பாடசாலையில் ஏழு கணினி இருப்பதும் ஆசிரியை ஜூலையில் இடமாற்றம் பெறப்போவதும் அதற்குத் தெரியாது. தெரியாததை அழகான பொது வார்த்தைகளால் நிரப்பிவிடும். முதலில் தமிழில் இரண்டு பக்கத்துக்கு விடயத்தை எழுதி, அதை அதிபரும் ஆசிரியர்களும் ஒருமுறை வாசித்துத் திருத்தியபின் மொழிபெயர்ப்பதே சிறந்தது. கொடையாளர் நேரில் வந்து கேள்வி கேட்கும்போது, தமது முன்மொழிவில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் விழிக்கும் நிலைமையும் அதனால் தவிரும்.

உதவி கிடைத்தபிறகு எமது கவனம் முழுவதும் திறப்பு விழாவில் போய்விடுகிறது. பெனர், பொன்னாடை, மாலை, மேடையில் பத்துக் கதிரை. அதற்கு ஆகும் செலவில் ஒரு வருட இணையக் கட்டணத்தைக் கட்டலாம் என்று சொன்னால் கோபம் வரும், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். கொடையாளருக்கு விழாவைவிட ஆறு மாதத்தின் பின் வரும் இரண்டு பக்க அறிக்கை பெறுமதியானது. அறைக்குள் ஒரு பதிவுப் புத்தகம் வைத்து, திகதி, வகுப்பு, ஆசிரியர், பிள்ளைகளின் எண்ணிக்கை, பழுதான பொருள் என்று ஐந்து நிரல் போட்டால் அறிக்கை தானாகவே எழுதப்பட்டுவிடும். படங்கள் அனுப்பும்போது பிள்ளைகளின், குறிப்பாகப் பெண்பிள்ளைகளின் பெற்றோரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். முகம் தெரியாமல் பின்னாலிருந்து எடுத்த படமும் போதுமானது.

கிடைக்காவிட்டால் ஏன் கிடைக்கவில்லை என்று பணிவாக எழுதிக் கேட்கலாம். எல்லோரும் பதில் தரமாட்டார்கள், ஆனால் சிலர் தருவார்கள். அந்தப் பதிலை வைத்துத் திருத்தி அடுத்த சுற்றுக்கு அனுப்புவது முதல் தடவையைவிட மிக இலகு, ஏனெனில் எண்களும் விலைமனு வடிவமும் வலயக் கடிதமும் கையில் இருக்கின்றன.

நான் ஆரம்பத்தில் சொன்ன ஊர்க்கோடிப் பாடசாலைக்கு இவ்வளவையும் செய்ய ஆளில்லை என்பது உண்மை. ஏழு ஆசிரியர்கள், அதிபரும் இரண்டு பாடம் எடுக்கிறார். இப்படியான பாடசாலைகள் தனித்தனியே எழுதாமல் அருகருகே உள்ள மூன்று நான்கு சேர்ந்து ஒரே முன்மொழிவாக எழுதலாம். ஒரு பெட்டியில் 15 மடிக்கணினிகள், வாரத்தில் இரண்டு நாள் ஒரு பாடசாலை, மற்ற நாட்கள் மற்றவை என்று பகிர்ந்துகொள்ளலாம். பயன்பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடும், ஒரு பிள்ளைக்கான செலவு குறையும். ஓய்வுபெற்ற அதிபர்களும், வங்கியிலும் திணைக்களங்களிலும் வேலை செய்த ஊரவர்களும் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். பள்ளிவாசல் சம்மேளனங்கள் அவர்களில் நால்வரைக் கூட்டி, மாதத்தில் ஒரு சனிக்கிழமை சிறிய பாடசாலைகளின் முன்மொழிவுகளைப் பார்த்துத் திருத்திக் கொடுக்க ஏற்பாடு செய்யலாம். செலவு தேநீர் மட்டும்தான்.

அடுத்த வருடத்துக்கான அமுலாக்கல் திட்டம் வருடக் கடைசியில் எழுதப்படும். அதற்கு முன்பாக அதிபர், பாட ஆசிரியர், அபிவிருத்திச் சங்கப் பொருளாளர், மின்வேலை தெரிந்த பெற்றோர் ஒருவர் ஆகிய நால்வரும் கணினி அறையில் ஒரு பிற்பகல் உட்கார்ந்து, எத்தனை கணினி இயங்குகிறது, எத்தனை பிளக் இருக்கிறது, பிரேக்கர் எத்தனை அம்பியர், எந்த வகுப்பு எத்தனை நிமிடம் இந்த அறைக்குள் வருகிறது என்று எண்ணி எழுதிக்கொண்டாலே முன்மொழிவின் பாதி வேலை முடிந்துவிடும்.